நின்று போவது, படுத்து வருவது

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். தையல் கடையில் வேலையாக இருக்கும்போது அவள் உதட்டிடுக்கில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும் என்பது ஒன்று. ஊசி இல்லாமல் வாயைத் திறந்தால் அதைவிடக் கூர்மையாக ஏதாவது வரும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தை அவள் காதுபடச் சொன்னவர்கள் சட்டை தைக்க வேறு கடை தேட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட வாய்க்காரிக்குப் பிறந்த இரண்டாவது பிள்ளைக்குக் காது கேட்காது. டாக்டர் அதைச் சொன்ன அன்றைக்கு ஊசியம்மா அழவேண்டிய அளவுக்கு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "என் வாயைப் பத்தி உள்ள இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு போல. காதைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கா, கெட்டிக்காரி" என்றாள். அதற்குப் பிறகு அதற்காக அவள் அழவில்லை. கணவன் இல்லாத வீடு. வேலை தலைக்குமேல் கிடந்தது. பெரியவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். சின்னவள் வெட்டு மேஜைக்கு அடியில் துணித்துண்டுகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அந்த மேஜைக்கு அடியில்தான் அவர்கள் வீட்டுக் கைப்பாஷை பிறந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. காதைத் திருகிக் காட்டினால் பெரியவன். அவன் காது அந்தக் காலத்தில் அடிக்கடி திருகப்பட்டது. இரண்டு விரலைக் கத்தரிபோல் மூடினால், போதும், பேச்சை வெட்டு என்று அர்த்தம். அளவு நாடாவை இடுப்பில் சுற்றி முனை எட்டாமல் தவிப்பதுபோல் காட்டினால், வாசலில் நிற்பவர் போன வருஷத்தைவிடப் பெருத்துவிட்டார். வாடிக்கையாளர் எதிரிலேயே தாயும் மகளும் முகம் மாறாமல் இப்படிப் பேசிக்கொள்வார்கள். பெரியவன்தான் சிரிப்பை அடக்க முடியாமல் ட்ரையல் ரூம் திரைக்குப் பின்னால் ஓடுவான். உலகத்தில் மூன்றே பேர் பேசும் பாஷை அது.

சின்னவள் பிறகு காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்து, எல்லோரும் பேசுகிற முறையான சைகை மொழியைக் கற்றாள். ஊசியம்மாவும் அதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்து பார்த்தாள். "இலக்கணம் படிச்ச கையால பேசணும் போல இருக்கேடி. என் கைக்குப் பித்தான் தைக்கத்தான் தெரியும்" என்று எழுந்துவிட்டாள். அதே பள்ளியில் படித்த ஒருவரைத்தான் சின்னவள் கட்டிக்கொண்டாள். அவருக்கும் காது கேட்காது. டைல்ஸ் ஒட்டுவதில் பேர் வாங்கியவர். அவர் ஒட்டிய தரையில் ஒரு பூவின் காம்புகூட அடுத்த கல்லில் விலகிப் போகாது. கல்யாணமாகி ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சின்னவள் போனாள்.

மாப்பிள்ளைமேல் ஊசியம்மாவுக்கு மரியாதை நிறைய, ஒட்டுதல் குறைவு. அவருடைய சைகை இவளுக்குத் தெரியாது, இவளுடையது அவருக்குத் தெரியாது, பிறகு எங்கே ஒட்டுவது? வரும்போதெல்லாம் சுவரோரமாக நாற்காலி போட்டுக்கொண்டு, தாயும் மகளும் பேசுவதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். சிரிக்க மாட்டார்.

"முறைக்கிறார்டா" என்பாள் பெரியவனிடம்.

"அவர் முகமே அப்படித்தாம்மா."

அவருக்கென்று அவள் ஒரு சைகையும் செய்து வைத்திருந்தாள்: சட்டைக் காலரைப் பிடித்து விறைப்பாக மேலே இழுப்பது. கஞ்சி போட்ட காலர். சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு தடவை அவளும் சிரித்துவிட்டாள், அது போதாதா, பெயர் நிலைத்துவிட்டது.

ஏரி என்றால் மூன்று கிலோமீட்டர் தண்ணீர்தான். கடைக்கு மேலே மொட்டை மாடியில் நின்றால் சின்னவள் வீட்டு நீலத் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆனால் போகவேண்டும் என்றால் மலையைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி, அரைநாள். போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வயிற்றெரிச்சல். டவருக்கும் அந்தக் கரைக்கும் நடுவே மலை நிற்கிறது. கம்பெனிக்காரன் கொடுக்கும் சிக்னல் இறங்குவதற்கு இறங்கும், ஏறுவதற்கு ஏறாது. படம் பார்க்கிறவனுக்கு ராஜபாட்டை. தன் படத்தை அனுப்ப நினைக்கிறவனுக்கு ஒற்றையடிப் பாதை.

வாயால் பேசுகிறவர்களுக்கு இது பெரிய குறையில்லை. படம் நின்றாலும் குரல் எப்படியாவது ஒழுகி வந்துவிடும். கைக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்னவள் ஏதோ சொல்லக் கையைத் தூக்குவாள்; தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கும்; திரும்ப அசையும்போது பேச்சு முடிந்திருக்கும். நாலு தடவை கேட்டு, நாலு தடவையும் நின்றுபோய், கடைசியில் இருவரும் எழுத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 'சாப்பிட்டியா?' 'சாப்பிட்டேன்.' 'உடம்பு?' 'நல்லா இருக்கு.' நாள் முழுக்கக் கை ஓயாமல் வம்பளந்தவர்கள் தந்தி அடித்துக்கொள்கிறவர்கள் ஆகிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

அதையும் ஊசியம்மா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பின்னாலேயே வந்தது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில், பெரிய நகரத்தில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்று. சின்னவள் வீட்டில் இருந்தபடியே திரைவழியாகக் கணக்குப் பாடம் நடத்தலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். முதல் வகுப்பிலேயே கூட்டல் நடுவில் அவள் கை நின்றுபோனது. பிள்ளைகள் விடையைச் சொல்லக் கை தூக்கினார்கள். அது அவளுக்கு வந்தது, அவள் பதில் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. திங்கட்கிழமை இன்னொரு முறை பார்க்கலாம், அப்போதும் இப்படி என்றால் நீங்கள் இங்கேயே வந்துவிடுங்கள், வீடு நாங்கள் தருகிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கும் அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை.

நல்ல விஷயம்தான். யாரிடம் சொன்னாலும் நல்ல விஷயம் என்றுதான் சொல்வார்கள். ஊசியம்மாவின் கணக்கு மட்டும் வேறாக இருந்தது. அக்கரையில் இருக்கிறவரை நீலத் தொட்டியாவது தெரிகிறது. நகரத்துக்குப் போய்விட்டால், சுற்றிலும் இலக்கணம் படித்த கைகள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். பேச ஆளில்லாத பாஷை அவள் விரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். ஒரு நாள் அம்மா எதையோ காட்ட, 'என்னம்மா சொல்றே?' என்று மகள் முழிப்பாள். அந்த முழியை நினைத்தாலே ஊசியம்மாவுக்குத் தையல் கோணலாகப் போனது.

"ஊருக்கெல்லாம் கம்பம் நட்டுக் கேமரா மாட்டுறே. உன் தங்கச்சிக்கு ஒரு கம்பி இழுத்துவிட மாட்டியா?" என்று பெரியவனைப் பிடித்தாள். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கேமராவும் நெட்டும் போட்டுக் கொடுப்பதுதான் அவன் தொழில்.

"ஏரிக்குள்ள எப்படிம்மா கம்பி இழுக்கிறது?"

"அப்போ காத்துல இழு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான், ஏரியைப் பார்த்தான். இடையில் மரமில்லை, மாடியில்லை, வெறும் தண்ணீர். இந்தக் கரையில் கம்பிவழி வரும் நல்ல நெட் இருந்தது; அதை அலையாக அக்கரைக்கு அனுப்பினால் போதும். அன்றைக்கே உட்கார்ந்து சாமான்களுக்குச் சொல்லிவிட்டான்.

சாமான் வந்ததும் வெட்டு மேஜை அவன் மேஜை ஆனது. வாணலி மாதிரி இரண்டு ஆன்டெனா, சின்னச் சின்ன ரேடியோ பெட்டி நான்கு. "கரைக்கு ஒரு பெட்டி போதாதா, எதுக்கு ரெண்டு?" என்று ஊசியம்மா கேட்டாள்.

"ஒரு பெட்டின்னா ஒத்தை வண்டி போற பாலம் மாதிரிம்மா. இங்கேருந்து போறப்போ அங்கேருந்து வர்றது நிக்கணும். மாறி மாறித்தான் போகும். நமக்கு அது ஒத்துவராது. பாப்பா கையும் போகணும், பிள்ளைங்க கையும் வரணும், ஒரே நேரத்துல, ரெண்டும் முழுசா. அதான் ஒரு பெட்டி அனுப்ப மட்டும், ஒரு பெட்டி வாங்க மட்டும்."

"ஒரே காத்துல எதிரும் புதிருமா போனா முட்டிக்காதா?"

பெரியவன் ஒரு துணித்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "இதுல நெடுக்கு இழை இருக்கு, குறுக்கு இழை இருக்கு. ரெண்டும் ஒரே துணியிலதான். ஒண்ணை ஒண்ணு மறிக்குதா? அந்த மாதிரி, ஒரு அலை நின்னுக்கிட்டே போகும், இன்னொண்ணு படுத்துக்கிட்டே வரும்." ஆன்டெனாவின் முதுகைத் திருப்பி இரண்டு இணைப்புகளைக் காட்டினான். "இது நின்ன வாய். இது படுத்த வாய். நாம நின்ன வாயால பேசுறோம், படுத்த வாயால கேக்குறோம். அவங்க அதுக்கு நேர்மாறு."

ஊசியம்மாவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. தன் கையாலேயே அனுப்புகிற கேபிளுக்குச் சிவப்பு நாடாவும் வாங்குகிற கேபிளுக்கு நீல நாடாவும் சுற்றிக்கொடுத்தாள். இந்தக் கரை ஆன்டெனாவில் நின்ற வாய்க்குச் சிவப்பு, படுத்த வாய்க்கு நீலம். அக்கரைக்கு மாற்றி, நின்ற வாய்க்கு நீலம், படுத்த வாய்க்குச் சிவப்பு. பெரியவன் அக்கரைச் சாமானைக் கேபிளோடு பூட்டியே பெட்டி கட்டிப் பஸ்ஸில் ஏற்றினான். 'அப்படியே கம்பத்தில் மாட்டினால் போதும் மாப்பிள்ளை' என்று செய்தியும் போட்டான். அத்தோடு நின்றிருக்கலாம். உற்சாகம் தாங்காமல், 'நம்ம பக்கம் ரெடி' என்று தன் கம்பத்தைப் படம் பிடித்தும் அனுப்பினான்.

சனிக்கிழமை இரண்டு மாடியிலும் ஆள் ஏறினார்கள். பெரியவன் இங்கே, மாப்பிள்ளை அங்கே. இரண்டு பக்கமும் பைனாகுலர் இருந்தது. பெரியவனுடையது சொந்தம், மாப்பிள்ளையுடையது பக்கத்து வீட்டுப் படகுக்காரரிடம் இரவல். கொஞ்சம் வலது, கொஞ்சம் மேலே, இல்லை இல்லை கீழே என்று செய்தி பறந்தது. பெட்டியில் நான்கு பச்சை விளக்கு எரியவேண்டும். ஒன்று எரிந்தது. அதுவும் சோகை பிடித்த மாதிரி மினுக்கியது. ஒரு நூல் அளவு திருப்புவார்கள், அதே ஒன்று. மறுபடி ஒரு நூல், அதே ஒன்று. வெயில் தலையைப் பிளந்தது.

"உயிர் இருக்கு, தெம்பு இல்லை" என்றான் பெரியவன். "திசை தப்புன்னா சுத்தமா வராது. வருது, ஆனா சீக்காளி மாதிரி வருது. தண்ணிதான் ஏதோ பண்ணுது போல."

"ஏரிமேல பழி போடாதே. அது பாட்டுக்குக் கிடக்கு."

சாயங்காலம் இறங்கியபோது அவன் கழுத்தும் கையும் கறுத்திருந்தன. ஊசியம்மா ஒன்றும் சொல்லாமல் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தாள். ஒன்றும் சொல்லாத அம்மாவைப் பார்த்து அவனுக்குப் பயமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அக்கரைக் கம்பத்தின் முதுகுப்பக்கம். மழை மூடியைத் தூக்கிவிட்டு எடுத்தது. 'எல்லாம் சரியா இருக்கே அண்ணா, பாரு' என்று எழுதியிருந்தாள். போன் ஊசியம்மா கையில்தான் இருந்தது. மாடியில் தன் பக்கத்துக் கம்பத்துக்கு எதிரே அதைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ஆனாலும் மாப்பிள்ளை வேலைன்னா வேலைதான்டா. கேபிளை எவ்வளவு நேரா இழுத்துக் கட்டியிருக்கார்! சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம், அச்சு அசல் நம்மளது மாதிரியே."

பெரியவன் ஏணியில் பாதியில் நின்றான். "என்னது மாதிரி?"

"நம்மளது மாதிரி."

அவன் இறங்கி வந்து போனைப் பிடுங்கினான். பார்த்தான். தலையில் கைவைத்து ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாத்தி மாட்டிட்டார்மா. நான் சரியாத்தான் பூட்டி அனுப்பினேன், கழட்டி மாத்தியிருக்கார். இப்போ ரெண்டு கரையும் நின்ன வாயால பேசுது, ரெண்டு கரையும் படுத்த வாயால கேக்குது. யார் பேசுறதும் யார் காதுலயும் விழாது. ஓரமா கசியிறதுதான் அந்த ஒத்தை விளக்கு."

ஊசியம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "ரெண்டு கையையும் இடக்கையாவே வெட்டின சட்டை" என்றாள்.

மாப்பிள்ளையின் நியாயத்தையும் சொல்லவேண்டும். இது பிற்பாடு தெரிந்தது. அவர் பெட்டியைப் பிரித்தார், மச்சான் அனுப்பிய படத்தைப் பார்த்தார், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்தக் கல்லில் பூ இடப்பக்கம் என்றால் அந்தக் கல்லிலும் இடப்பக்கம் வந்தே தீரவேண்டும் என்று வாழ்கிற மனுஷன். பாவம், மச்சான் அவசரத்தில் மாற்றிப் பூட்டிவிட்டார், சொன்னால் சங்கடப்படுவார் என்று தானே கழற்றி, அழகாக ஒத்துப்போகும்படி மாட்டிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்பினால் வந்த வினை.

"ஒரு மெசேஜ் போட்டா முடிஞ்சுது" என்று பெரியவன் போனை எடுத்தான்.

"போடாதே!" என்றாள் ஊசியம்மா. "வெயில்ல நாள் முழுக்க நின்ன மனுஷன்கிட்ட, நீ பண்ணினதுதான் தப்புன்னு சொல்லுவியா? ஏற்கெனவே நம்மளைப் பார்த்தாலே முறைக்கிறார். நம்ம பக்கம் மாத்தினா ஆகாதா?"

"ஆகும். யாராவது ஒருத்தர் மாத்தினாப் போதும்."

"அப்போ மாத்து. சத்தம் போடாம மாத்து. ஏதோ நம்ம பக்கம் கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

பெரியவன் பெட்டியை அணைத்து, ஏறி, மாற்றி, இறங்கிப் போட்டான். இருவரும் விளக்கையே பார்த்தார்கள். ஒன்று எரிந்தது. அதே சோகை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். படத்தை அனுப்பிய கையோடு சின்னவள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எதிரெதிரே நின்று கையால் பேசிப் பழகியவளுக்கு, எதிரில் இருப்பது மாறித்தான் இருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் காது மடல்வரை சிவந்துபோய், மச்சானுக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று மேலே ஏறியிருக்கிறார். இங்கே இவன் மாற்ற, அங்கே அவர் மாற்ற, இரண்டும் மறுபடி ஒரே பக்கம். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று இன்னொருவர் பார்ப்பதில் இப்படியும் ஒரு கேடு இருக்கிறது.

பெரியவனுக்கு இது எதுவும் தெரியாதே. "அப்போ காரணம் அது இல்லை" என்று நொந்துபோனான். பெட்டியை அணைத்துவிட்டு, பழையபடியே மாட்டிவிடலாம் என்று மறுபடி ஏறினான். "நாளைக்கு வகுப்பு. என்னால ஆகலைம்மா, அவங்க போகட்டும், நல்லபடியா இருக்கட்டும்" என்று மேலேயிருந்து சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

ஊசியம்மா அக்கரைப் பக்கம் திரும்பினாள். பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். மகளைப் பார்க்க முடிகிறவரை பார்த்துவிடுவோம் என்றுதான் எடுத்தாள். நீலத் தொட்டி தெரிந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சின்னவள், பைனாகுலரும் கையுமாக. கம்பத்தில் மாப்பிள்ளை. மழை மூடி திறந்து தொங்கியது. ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கை சிவப்பு நாடாமேல்.

"அடேய்! அவரும் கழட்டப் போறார்டா!"

"என்னத்தை?"

"கேபிளை! நீ கழட்டுறதைத்தான் அவரும் கழட்டுறார்! நீ மாத்தினப்போ அவரும் மாத்தியிருக்கார், இப்போ நீ திருப்பி மாத்துறே, அவரும் திருப்பப் போறார்!"

பெரியவன் திரும்பி அக்கரையைப் பார்த்தான். போன் கீழே மேஜையில் கிடந்தது. இறங்கி எடுத்து எழுதி அனுப்புவதற்குள் மாப்பிள்ளை கழற்றியிருப்பார்.

ஊசியம்மா பைனாகுலரை எறிந்தாள். கொடியில் காய்ந்த சிவப்புத் துணியைக் கைக்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டு மாடியின் விளிம்புக்கு ஓடினாள். அவர்கள் வீட்டில் பிறந்த முதல் வார்த்தையைச் சொன்னாள். தவழ்கிற குழந்தை சூடான இஸ்திரிப் பெட்டியை நோக்கிக் கை நீட்டியபோது, தையல் மெஷினிலிருந்து பாய்ந்து வந்து அவள் காட்டிய சைகை அது: கையை நீட்டு, சுட்டதுபோல் வெடுக்கென்று இழு, ஊது. சூடு. தொடாதே. அதை இப்போது இரண்டு கையும் தோளோடு கழன்று போகிற மாதிரி, மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற மாதிரிச் சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்னாச்சு? பாருடா, பாரு!"

பெரியவன் ஏணியிலிருந்து தாவி இறங்கிப் பைனாகுலரை எடுத்தான். "பாப்பா உன்னைப் பார்க்கலை, பைனாகுலரோட நம்ம கம்பத்தையே பார்த்துட்டு இருக்கா… ஆனா மாப்பிள்ளை இந்தச் சிவப்பைப் பார்த்துத் திரும்பினார். கையை எடுத்துட்டார்மா! ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டார். ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறார், போலீஸ் பிடிச்ச மாதிரி."

"அவர் எதையும் கழட்டலையே?"

"கழட்டலை."

"அப்போ நீ உன்னதைப் பழையபடி மாட்டு. சீக்கிரம். நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அவன் மாட்டினான். கீழே வந்து சுவிட்சைப் போட்டான். முதல் விளக்கு வந்தது, மினுக்காமல் வந்தது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் யோசித்தது. நான்காவதும் வந்தது. பெரியவன் குதித்த குதியில் ஏணி சாய்ந்து பூந்தொட்டி ஒன்று உடைந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தத் தொட்டிக்காக அவன் காது திருகப்பட்டிருக்கும். இன்றைக்கு ஊசியம்மா அந்தத் தலையைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள். "ஆம்பளைப் பிள்ளையை நடுமாடியில வெச்சு…" என்று நெளிந்தான். விட்டுவிடவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு கொஞ்சமும் தடைபடாமல் நடந்தது, சின்னவள் எங்கேயும் குடிபோக வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனசுக்காரர்கள் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, பெரியவனுக்கு இணைப்பைச் சோதித்துப் பார்க்கவேண்டியிருந்தது. "வேகமா அசையிற கை வேணும். இந்த ஊர்லயே வேகமான கை யாரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, வெட்டு மேஜையில் திரையை நிறுத்தி, எதிரே அம்மாவை உட்காரவைத்தான்.

திரையில் சின்னவள் வந்தாள். நிற்காத, கட்டம் கட்டமாக உடையாத சின்னவள். ஊசியம்மா ஒரு கணம் கையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஏன்டி இப்படி இளைச்சுட்டே என்று இவளும், ஏம்மா கண்ணாடி மாத்தலை என்று அவளும், நீ முதல்ல ஒழுங்கா தூங்கு என்று இவளும், அண்ணன் கழுத்தைப் பாரு வெந்துபோயிருக்கு என்று அவளும். யாரும் யாருக்காகவும் நிறுத்தவில்லை, யாருக்கும் எதுவும் தப்பவில்லை. பெரியவன் போனில் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகளைப் பார்த்தான். போவதும் வருவதும் ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்சம் வேகமா பேசும்மா."

"இதுக்கு மேல பேசினா கை கழண்டுடும்டா."

ஊர்க்கதை எல்லாம் தீர்ந்தபிறகு ஊசியம்மா முன்னால் சாய்ந்தாள். ரகசியம் பேசும்போது அவர்கள் கையை நெஞ்சோடு ஒட்டிச் சின்னதாக அசைப்பார்கள். அப்படி அசைத்து, காலரை விறைப்பாக இழுத்துக் காட்டி, "கஞ்சி போட்ட காலர் எப்படி இருக்கு? நம்மமேல கோபமா? மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா?" என்று கேட்டாள்.

சின்னவள் கையை இறக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து ஒரு நாற்காலி நகர்ந்தது. மாப்பிள்ளை திரைக்குள் வந்து உட்கார்ந்தார். தன் சட்டைக் காலரைப் பிடித்தார், விறைப்பாக மேலே இழுத்தார், பிறகு கையை நெஞ்சோடு ஒட்டிச் சின்னதாக அசைத்தார்.

"காலருக்குக் கோபம் இல்லை அத்தை. வெக்கமா இருக்கு. அவ்வளவுதான்."

ஊசியம்மா அசையவில்லை. பெரியவன் பதறிப்போய்த் திரையைத் தட்டினான். "நின்னுபோச்சா?" அக்கரையிலிருந்து சின்னவளும் அதையே கேட்டாள். படம் நிற்கவில்லை. ஊசியம்மாதான் நின்றுபோயிருந்தாள்.

"உங்களுக்கு… இது… எப்படி?" என்று கை தடுமாறக் கேட்டாள்.

"உங்க பொண்ணுக்குக் கோபம் வந்தா பள்ளிக்கூடப் பாஷை மறந்துபோகுது அத்தை. இதுலதான் திட்டுறா. என்ன திட்டுறான்னு தெரிஞ்சாத்தானே பதில் சொல்ல முடியும்? அதான் உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் உக்காந்து உங்க கையையே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். இப்போ வீட்டுல நாங்க பாதி நேரம் இதுலதான் பேசுறோம்." எதிரே உட்கார்ந்து கற்றதால் அவருக்கு இடமும் வலமும் மாறி மாறி வந்தது. 'திட்டு' என்பதற்குக் கட்டைவிரலை வெளியே நீட்டினார். அது உள்ளே இருக்கவேண்டும். ஆனாலும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

ஊசியம்மா மகள் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, கை மட்டும் சண்டைக்குப் போனது. "ஏன்டி, இத்தனை நாளா இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எத்தனை தடவை சொன்னேன்!" என்றாள் சின்னவள். "சொல்றப்பெல்லாம் படம் நின்னுபோச்சும்மா."

ஊசியம்மா மேஜையில் கிடந்த ஏதோ ஒரு துணித்துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அது யாருடைய சட்டைக்கு வெட்டி வைத்த கையோ, அவளுக்கே தெரியாது. பிறகு நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.